அலையும் இலையும் கண்ட அறிஞர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

போஸ் என்றவுடன் நம் வகுப்பில் பாதிப்பேர் நேதாஜி சுபாஷ் சந்திர போசை நினைக்கிறார்கள். மீதிப்பேர், இயற்பியல் மாணவர் அல்லவா, போசான் துகள்களுக்குப் பெயர் தந்த சத்தியேந்திரநாத் போசைச் சொல்கிறார்கள். அந்தச் சத்தியேந்திரநாத்துக்கே ஆசிரியராக இருந்த மூன்றாவது போஸ் ஒருவர் உண்டு. அவரைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் பள்ளி நாளில் ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்த ஒற்றை வரி: தாவரங்களுக்கு உயிர் உண்டு என்று கண்டுபிடித்தவர். அந்த வரியும் சரியன்று. செடிக்கு உயிர் உண்டென்பது விதைத்து அறுத்த எந்த உழவருக்கும் தெரியும். அதைச் சொல்ல ஒரு விஞ்ஞானி வேண்டியதில்லை. ஜகதீச சந்திர போஸ் செய்தது வேறு. அவ்வேறு செயல் இரண்டு. ஒன்று அலையைப் பற்றியது. மற்றொன்று இலையைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒருசேரப் பார்த்தால்தான் அம்மனிதர் நமக்கு முழுமையாய்த் தெரிவார் என்பது என் எண்ணம்.

1858 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் அவர் பிறந்தார். முன்னோர் ஊர் விக்ரம்பூரைச் சேர்ந்த ராரிகால். தந்தையார் பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசில் பெரிய அலுவலர், பிரம்ம சமாஜத்தவர். அக்காலத்தில் அத்தகைய பதவியில் இருந்தோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே பெருமை. அலுவலகச் சேவகர்கள்கூடத் தம் மக்களை அங்கே சேர்க்க ஆசைப்பட்ட காலம். ஆனால் பகவான் சந்திரர் மகனை வங்கமொழிப் பாடசாலையில் சேர்த்தார். முதலில் தாய்மொழி, பிறகே பிறமொழி என்பது அவர் கொள்கை. அங்கே ஜகதீசனுக்கு வலப்பக்கம் தந்தையின் முஸ்லிம் சேவகருடைய மகன். இடப்பக்கம் ஒரு மீனவர் மகன். அவர்கள் சொன்ன பறவை, விலங்கு, நீர்வாழ் உயிரினக் கதைகளைக் கேட்டே இயற்கையின்மேல் தமக்கு நாட்டம் பிறந்ததாகப் பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார். பள்ளி முடிந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் தாயார் எல்லோருக்கும் ஒரே மாதிரி உணவு படைப்பாராம்.

இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிட்டேன். காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவரின் மகள் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நானே. பெரிய மனிதர்களின் வரலாற்றைப் படிக்கும்போது அதில் நம்மைப் போன்றவர் எங்கே நிற்கிறோம் என்று தேடுவது எங்களுக்குப் பழக்கம். பெரும்பாலும் கிடைக்காது. இந்த வரலாற்றில் அந்த மீனவர் மகன் கிடைத்தான். அவன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவன் பிறகு என்ன ஆனான் என்பதும் இல்லை.

கல்கத்தாவில் தூய சேவியர் கல்லூரியில் லாஃபோன் அடிகளார் என்ற பாதிரியாரிடம் ஜகதீசர் இயற்பியல் கற்றார். சோதனைகளைச் செய்து காட்டிக் கற்பிப்பதில் வல்லவர் அவர். 1879 இல் பி.ஏ. பட்டம் பெற்ற பின் இந்தியன் சிவில் சர்வீசுக்குப் போகவே மகன் விரும்பினார். தாம் இருந்த வேலையின் இயல்பை அறிந்த தந்தை அதற்கு இசையவில்லை. மருத்துவம் படிப்பதென முடிவாகி, 1880 இல் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே உடல்நலம் கெட்டது. சவப் பரிசோதனை அறையின் நெடி காய்ச்சலை இன்னும் கூட்டவே மருத்துவம் கைவிடப்பட்டது. கேம்பிரிட்ஜ் சென்று கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை அறிவியல் படித்தார். இயற்பியலில் ராலே பிரபு, தாவரவியலில் வைன்ஸ், உடலியலில் மைக்கேல் ஃபாஸ்டர், இவர்களோடு டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வின் என ஆசிரியர்கள் வாய்த்தனர். இயற்பியலும் தாவரவியலும் ஒரே மண்டைக்குள் குடியேறியது அங்கேதான். நம் நாளில் ஒரு துறையினர் அடுத்த துறையின் ஆய்வுக்கூடக் கதவைத் தட்டுவதே அரிது!

1885 இல் தாயகம் திரும்பிக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். வைசிராய் ரிப்பன் பிரபுவின் பரிந்துரை இருந்தும் கல்லூரி மேலிடத்துக்கு விருப்பமில்லை. துல்லிய அறிவியலைக் கற்பிக்கும் தகுதி இந்தியருக்கு இல்லை என்ற எண்ணம் ஆட்சியாளரிடம் வேரூன்றியிருந்தது. அப்போது ஐரோப்பியப் பேராசிரியர் வாங்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போசுக்குக் கிடைத்தது தற்காலிகப் பதவியாதலால் அதிலும் பாதி. அவர் வேலையை ஏற்றார், சம்பளத்தை ஏற்கவில்லை. ஒரு மாதம் இரு மாதம் அன்று, மூன்று ஆண்டுகள்! வீட்டில் செல்வம் குவிந்திருந்ததால் செய்த பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். மக்களுக்காகத் தந்தை தொடங்கிய தொழில் முயற்சிகள் நொடித்துக் குடும்பம் கடனில் மூழ்கியிருந்த நேரம் அது. வகுப்பை ஒருநாளும் குறைவாக நடத்தாமல், காசோலையை மட்டும் தொடாமல் இருந்தார். இறுதியில் நிர்வாகம் இறங்கி வந்து முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டு வழங்கியது. மொத்தமாய் வந்த அத்தொகையைத் தந்தையின் கடன்காரர்களுக்குக் கொடுத்தார்.

சம்பளமில்லாத அந்தக் காலத்தில்தான், 1887 இல், அபலா தாஸ் அவருக்கு மனைவியாக வந்தார். இந்த அம்மையாரைப் பற்றி நாம் தமிழ்நாட்டவர் என்ற முறையில் ஒரு செய்தியை அறிய வேண்டும். பெண்களைக் கல்கத்தா மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொள்ளாத 1882 ஆம் ஆண்டில், வங்க அரசின் உதவித்தொகை பெற்று, சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் படிக்க வந்தவர் அவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்காமல் திரும்ப நேர்ந்தது. மருத்துவத்தை உடல் நலிவால் இழந்த இருவர் வாழ்வில் இணைந்தனர் என்பது விந்தையான பொருத்தம். பிற்காலத்தில் பெண்கல்விக்கென 1919 இல் நாரீ சிக்ஷா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கி, வங்கக் கிராமங்களில் பள்ளிகள் பலவற்றை அவர் எழுப்பினார். கணவரின் வரலாற்றில் இரண்டு வரியில் முடிக்கப்படுகிற அம்மையார். தனிக் கட்டுரைக்கு உரியவர்.

இனி அலைக்கு வருவோம்.

மின்காந்த அலைகள் உண்டென்று மாக்ஸ்வெல் கணக்கால் காட்டினார். ஹெர்ட்ஸ் 1888 இல் அவற்றை உண்டாக்கியே காட்டினார். ஹெர்ட்ஸின் அலைநீளம் 66 செ.மீ. அவ்வளவு நீண்ட அலை ஒளியைப்போல் விலகுகிறதா என்று பார்க்க ஒன்றரை மீட்டர் உயரமுள்ள கீல் முப்பட்டகத்தை அவர் வார்க்க வேண்டியிருந்தது. நம் ஆய்வுக்கூடத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் மேசைமேல் வைக்கும் கண்ணாடி முப்பட்டகம் உள்ளங்கையில் அடங்கும். ஒளியின் அலைநீளம் அத்துணைச் சிறியது. 1894 இல், தம் முப்பத்தாறாம் பிறந்தநாளில், இனி ஆராய்ச்சியே வாழ்வு என்று உறுதி பூண்ட போஸ் முதலில் சிந்தித்தது இதைத்தான். அலையைச் சிறிதாக்கினால் கருவியும் சிறிதாகும். கருவி சிறிதானால் சிறிய அறை போதும். அவருக்குக் கிடைத்த அறையோ குளியலறையை ஒட்டிய 24 சதுர அடி. ஆறடிக்கு நான்கடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையே அவரை மில்லிமீட்டர் அலைக்குத் தள்ளியது என்று நான் சொன்னால் பேராசிரியர்கள் மிகை என்பார்கள். ஆயினும் அறையும் ஒரு காரணமே.

பயிற்சியில்லாத ஒரு தகரக் கொல்லரைப் பழக்கி, சொந்தப் பணத்தில், கருவி முழுவதையும் கல்கத்தாவிலேயே செய்தார். சிறு பிளாட்டினக் கோளங்களுக்கிடையே மின்பொறி பாயச் செய்து 25 மி.மீ. தொடங்கி 5 மி.மீ. வரை அலைநீளமுள்ள அலைகளை எழுப்பினார். இன்றைய கணக்கில் 12 முதல் 60 கிகா ஹெர்ட்ஸ் அதிர்வெண். உலகில் அதுவரை யாரும் அவ்வளவு குறுகிய மின்னலைகளை வைத்து முறையாக ஆராய்ந்ததில்லை. அலையை ஒரு குழாய் வழியே செலுத்தினார். அதன் வாயில் புனல்போல் ஒரு கொம்பைப் பொருத்தினார். நுண்ணலைத் துறையில் இன்றும் பயன்படும் கொம்பு அலைவாங்கியின் முன்னோடி அது. கந்தகத்தால் வில்லை செய்தார். தளவிளைவைக் காட்ட விலையுயர்ந்த படிகத்தைத் தேடி அலையாமல், பிராட்ஷா என்ற தடித்த ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே ஈயத்தாள் செருகினார். புத்தகம் தளவிளைவுக் கருவியாகிவிட்டது! முறுக்கிய சணல் கற்றைகள் வழியே அலையைச் செலுத்தி, சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புவதுபோலச் சணல் முறுக்கும் அலையின் தளத்தைத் திருப்புவதை 1898 இல் காட்டினார். இடம்புரி, வலம்புரி என முறுக்கை மாற்றினால் திருப்பமும் மாறியது. சணல் வங்கத்தின் பயிர் அல்லவா! ரயில் அட்டவணையையும் சணலையும் கொண்டு அடிப்படை இயற்பியல் செய்த இந்தப் பகுதியை நான் மூன்று முறை படித்தேன். நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி பழுதானால் அந்தச் சோதனையே அந்தப் பருவத்தில் இல்லாமற் போகிறது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1895 இல் கல்கத்தா நகர மண்டபத்தில் வங்கத் துணைநிலை ஆளுநர் முன்னிலையில் ஒரு காட்சி நடத்தினார். அலை சுவர்களைக் கடந்து சென்று மணியை அடித்தது. வெடிமருந்தை வெடிக்கச் செய்தது. அவ்வாண்டு மே மாதம் வங்காள ஆசியச் சங்கத்தில் அவருடைய முதல் ஆய்வுரை. 1896 இல் லண்டன் பல்கலைக்கழகம் டி.எஸ்ஸி. வழங்கியது. அவ்வாண்டே லிவர்பூலில் பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் பேசி முடித்தபோது, கால் ஊனமுற்ற கெல்வின் பிரபு படியேறி மகளிர் மாடத்துக்குச் சென்று அபலாவின் கைகளைப் பற்றி வாழ்த்தினாராம். 1897 ஜனவரி 29 இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில், ஃபாரடே நின்று பேசிய அதே அவையில், வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு.

இங்கே ஒரு வழக்கு உண்டு. போஸ் கண்ட கம்பியில்லாத் தந்தியை மார்க்கோனி தட்டிக்கொண்டு போனார் என்று மேடைதோறும் கேட்கிறோம். நான் அப்படி எழுத மாட்டேன். மார்க்கோனி நாடியது கடல் தாண்டிச் செய்தி அனுப்ப. அதற்கு நீண்ட அலையே ஏற்றது. போசின் குறுகிய அலைகள் ஒளியைப்போல் நேர்கோட்டில் செல்பவை. அவற்றில் 60 கிகா ஹெர்ட்ஸை ஒட்டியவற்றைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே விழுங்கிவிடும். அவர் நாடியது அலையின் குணத்தை அறிய. 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடல் கடந்த குறிப்பை மார்க்கோனி கேட்ட பாதரச உணர்கருவி, போஸ் 1899 இல் வெளியிட்டதன் வழி வந்தது என்று பின்வந்த பொறியியலார் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெருமை போதாதா? பணம் பண்ணும் எண்ணமே அவரிடம் இல்லை. நண்பர்கள் வற்புறுத்திய பின்னரே கலேனாப் படிகத்தால் அமைந்த உணர்கருவிக்கு 1901 இல் விண்ணப்பித்தார். 1904 மார்ச் 29 இல் 755,840 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குறைகடத்திக் கருவி ஒன்றுக்கு உலகில் தரப்பட்ட முதல் காப்புரிமை அதுவே என்பர். அதையும் காலாவதியாக விட்டுவிட்டார். 1894 முதல் 1896 வரை நடந்த அவருடைய மில்லிமீட்டர் அலைச் சோதனைகளுக்கு அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட மின்பொறியாளர் சங்கம் 2012 இல் மைல்கல் என்ற மதிப்பு வழங்கிக் கொல்கத்தாவில் பலகை பதித்தது. 116 ஆண்டுகள் கழித்து!

அலையிலிருந்து இலைக்கு அவர் எப்படித் தாவினார்? தாவவில்லை; அலையே அழைத்துச் சென்றது. அலையை உணரும் உலோகக் கருவி நெடுநேரம் வேலை செய்தால் அதன் துடிப்பு குறைவதையும், சற்று ஓய்வு கொடுத்தால் மீள்வதையும் 1899 வாக்கில் கண்டார். களைத்த தசையின் வரைபடமும் களைத்த உலோகத்தின் வரைபடமும் ஒன்றுபோல் இருந்தன. உயிருள்ளதும் இல்லாததுமான இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது செடி. அங்கே பார்த்தால் என்ன என்று தோன்றியது. 1900 இல் பாரீசில் நடந்த உலக இயற்பியல் மாநாட்டில் இதைச் சொன்னார். அந்நேரம் பாரீசில் இருந்த விவேகானந்தர் இந்தியன் ஒருவன் அடைந்த பெருமையைக் கண்டு மகிழ்ந்தார்.

லண்டனில் அந்த வரவேற்பு இல்லை. இயற்பியலார் ஒருவர் தங்கள் வேலிக்குள் நுழைவதை உடலியல் அறிஞர்கள் பொறுக்கவில்லை. 1901 இல் ராயல் சங்கத்தில் பர்டன் சாண்டர்சனும் வாலரும் எதிர்த்தனர்; கட்டுரை அச்சேறாமல் நின்றது. அடுத்த ஆண்டு லின்னேயன் சங்கம் அதை வெளியிட்டது. பணமின்றி ஆராய்ச்சி பாதியில் நின்றுவிடுமோ என்ற நிலையில், நண்பர் தாகூர் திரிபுரா அரசரிடம் பேசிப் பொருளுதவி பெற்றுத் தந்தார். கவிஞர் விஞ்ஞானிக்காகக் கையேந்திய செய்தி வேறெந்த நாட்டு வரலாற்றிலும் உண்டா, அறியேன்.

அதன்பின் கால் நூற்றாண்டு செடிகளோடு கழிந்தது. அவருடைய முறை எனக்குப் பிடித்தது. செடி வருந்துகிறது, மகிழ்கிறது என்று நாம் சொல்லக்கூடாது. செடியே எழுதிக் காட்டட்டும் என்பதே அம்முறை. அதற்கான எழுத்தாணிகளைச் செய்தார். ஆயிரத்தில் ஒரு நொடி வரை நேரம் குறிக்கும் பதிவுக்கருவி ஒன்று. செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிப் புகைபடிந்த கண்ணாடியில் புள்ளியிடும் கிரெஸ்கோகிராஃப் என்ற வளர்ச்சிவரைவி மற்றொன்று. நம் வரப்போரத் தொட்டாற்சுருங்கியும், சித்த மருத்துவர் சொல்லும் தொழுகண்ணியும் அவருக்குப் பிரியமானவை. தொழுகண்ணியின் சிற்றிலைகள் யாரும் தொடாமலே மேலும் கீழும் அசையும். 1914 இல் வெளிநாடு சென்றபோது இச்செடிகளையும் கண்ணாடிக் கூட்டில் வைத்துக் கப்பலில் ஏற்றிச் சென்றார்.

எல்லாம் சரியென்று ஆகிவிடவில்லை. உலோகம் களைப்பதை உயிரின் களைப்போடு ஒன்றாக்கியதை இன்று யாரும் ஏற்பதில்லை. வேரிலிருந்து நீர் மேலேறுவது உட்புறச் செல்களின் துடிப்பால் என்று 1923 இல் அவர் எழுதிய கொள்கையும் நிற்கவில்லை. இலையில் நீர் ஆவியாக, அதன் இழுப்பால் நீர்த்தம்பம் மேலேறுகிறது என்ற கொள்கையே பாடநூலில் உள்ளது. ஆனால் செடிக்குள் மின்குறிப்புகள் பாய்ந்து ஓரிடத்துச் செய்தியை மற்றோரிடத்துக்குச் சொல்கின்றன என்ற அவருடைய நடுநாயகமான முடிவு நின்றது. ஓர் இலையைப் புழு கடித்தால் மறு இலை காப்புப் பொருளைச் சுரக்க மின்குறிப்பே தூது செல்கிறது என்பதையும், அதற்குரிய ஜீன்களையும் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தார் 2013 இல் கண்டறிந்தனர். ஏளனம் செய்தோர் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அலையும் இலையும் சந்தித்த இடம் ஒன்று உண்டு. நான் இக்கட்டுரை எழுதக் காரணமும் அதுதான். 1919 இல் நேச்சர் இதழில் கம்பியில்லா அலைகளுக்குச் செடி எவ்வாறு எதிர்வினை புரிகிறது என்பதைப் போஸ் வெளியிட்டார். அலை மெலிதாக இருந்தால் நாற்றின் வளர்ச்சி விரைவதாகவும், வலுவாக இருந்தால் தணிவதாகவும் அவர் கருவி எழுதியது. கண்ணுக்குத் தெரியாத அலை உயிருள்ள செல்லைத் தொடுகிறதா என்று கருவி கொண்டு கேட்ட முதல் மனிதர்களில் அவர் ஒருவர். விடை முடிந்துவிடவில்லை. அந்தச் சோதனை நிலைபெற்ற முடிவாக எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. கேள்வியோ எங்கள் மன்னார்புரம் தெருவரைக்கும் வந்துவிட்டது.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு மாடிவீட்டின் மேல் கைப்பேசிக் கோபுரம் எழுந்தது. எதிர்வீட்டு அக்கா அப்போது ஆறுமாதக் கர்ப்பிணி. பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா, நீதான் சயன்ஸ் படிக்கிற பெண்ணாயிற்றே, சொல் என்று அவருடைய மாமியார் என்னிடம் கேட்டார். கோபுரம் வைத்தவர்களிடம் தெருவார் கேட்டதற்கு ஒழுங்கான பதில் வரவில்லை. வீட்டுக்காரருக்கு அந்த வாடகை மகளின் படிப்புக்கு வேண்டும், அவரும் கலங்கினார். நானோ எங்கள் வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. நூலகத்துக்குத்தான் போனேன்.

படித்தவற்றை அந்த ஆயாவுக்குச் சொன்னபடியே இங்கும் சொல்கிறேன். மில்லிமீட்டர் அலை என்பது 30 முதல் 300 கிகா ஹெர்ட்ஸ் வரை உள்ளது. 60 கிகா ஹெர்ட்ஸ் அலையின் ஒரு துணுக்கு சுமக்கும் ஆற்றல் ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. நம் உடல்சூட்டால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் ஆற்றலே அதைவிட நூறு மடங்கு பெரிது. வேதிப்பிணைப்பை அறுக்கவோ மரபுப் பொருளை உடைக்கவோ அத்துணுக்கால் ஆகாது. எக்ஸ் கதிரோடு அதைச் சேர்த்துப் பேசுவது தவறு. அது செய்வது சூடாக்குவது. தண்ணீர் அதை விழுங்குவதால் தோலில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குள் அது அடங்கிவிடும். கருப்பை வரை எட்டாது. ஆனால் மிகுந்தால் தோலும் கண்ணின் கருவிழிப்படலமும் சூடேறும். கூட்டத்தைக் கலைக்க அமெரிக்கப் படை செய்த 95 கிகா ஹெர்ட்ஸ் கருவி சில நொடிகளில் பொறுக்க முடியாத எரிச்சல் தருவது இவ்வாறே.

சூடாகாத அளவிலும் செல் மாறுமா? இதுதான் உண்மையான சிக்கல். செல்சவ்வுகள் இந்த அதிர்வெண்களில் தாமே ஒத்ததிரக்கூடும் என்று ஃபிரோலிக் 1968 இல் ஒரு கருத்தை முன்வைத்தார். 1970களில் சோவியத் நாட்டில் தேவ்யாத்கோவ் குழுவினர் அவ்வகை விளைவுகளை அறிவித்தனர். 4.9, 5.6, 7.1 மி.மீ. அலைகளால் நோய் தீர்க்கும் மருத்துவமே அங்கு வளர்ந்தது. போசின் 5 மி.மீ. அலைக்கு அருகில் அல்லவா! ஜெர்மனியில் 42 கிகா ஹெர்ட்ஸை ஒட்டி ஈஸ்ட் செல்களின் வளர்ச்சி ஏறி இறங்குவதாக 1977 இல் கட்டுரை வந்தது. வேறு குழுவினர் அதே ஈஸ்ட்டை மேலும் கவனமாக வைத்துப் பார்த்து 1997 இல் ஒரு மாற்றமும் இல்லை என்றனர். 2021 இல் ஆஸ்திரேலிய அறிவியலார் 6 கிகா ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மெல்லிய அலைகள் பற்றிய 107 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, தீங்கு உறுதிப்படவில்லை என்றும், பல சோதனைகளில் அளவெடுப்பே சரியில்லை, இன்னும் நல்ல சோதனைகள் தேவை என்றும் முடித்தனர்.

இன்னொன்றையும் சொன்னேன். இந்தியாவில் ஐந்தாம் தலைமுறைச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியபோது கைப்பேசிகளுக்கு முதன்மையாக வந்தது 3.5 கிகா ஹெர்ட்ஸை ஒட்டிய அலை. எட்டு ஒன்பது சென்டிமீட்டர் நீளம். அது மில்லிமீட்டர் அலையே அன்று. உலக அளவில் வகுத்த வரம்பில் பத்தில் ஒரு பங்காக நம் அரசு 2012 இல் வரம்பைக் குறைத்தது. 2 கிகா ஹெர்ட்ஸுக்கு மேல் சதுர மீட்டருக்கு 1 வாட். சித்திரை மாத உச்சிவெயிலில் மன்னார்புரம் ரவுண்டானாவில் நின்றால் நம்மேல் விழுவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட். வரம்பு மீறுகிறதா என்பதை அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. 2017 இல் தரங் சஞ்சார் என்ற அரசு இணையதளம் அதற்கென்றே வந்தது. தெருவார் சேர்ந்து விண்ணப்பித்தார்கள். வந்து அளந்தார்கள், வரம்புக்கு வெகு கீழே இருந்தது. ஆயா கேட்டுவிட்டு, நீ சொல்வது புரிகிறது, ஆனாலும் மருமகள் பிரசவம் வரை தாய்வீட்டில் இருக்கட்டும் என்றார். அக்கா துவாக்குடிக்குப் போய்விட்டார். அச்சம் கணக்குக்கு முழுதும் கட்டுப்படுவதில்லை. பச்சைப் பெண்குழந்தையோடு இப்போது திரும்பி வந்திருக்கிறார்.

போஸ் 1915 இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917 இல் சர் பட்டம் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 30, தம் பிறந்தநாளில், சேமிப்பையும் நன்கொடைகளையும் கொண்டு கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தைத் திறந்தார். தாகூர் அதற்கென ஒரு பாடல் புனைந்து தந்தார். நம் திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன் கணக்கு அலுவலர் வேலையை விட்டு அதே நகரில் பேராசிரியரானதும் அதே ஆண்டில்தான். 1920 இல், வளர்ச்சிவரைவியை லண்டனில் அறிஞர் குழு நேரில் சோதித்துச் சரியென ஒப்பிய பிறகு, முன்பு கட்டுரையை நிறுத்திவைத்த அதே ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. தாய்மொழியிலும் அவர் எழுதினார். புயலைத் தலைமயிர் எண்ணெயால் அடக்கும் விந்தைக் கதை ஒன்று 1896 இல் வெளியானது. வங்கத்தின் தொடக்ககால அறிவியல் கதைகளில் அதுவும் ஒன்று.

கடைசி ஆண்டுகளில் உடல்நலம் தேடிக் கிரிதி என்ற ஊருக்குச் சென்று தங்குவார். 1937 நவம்பர் 23 அன்று, எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு ஏழு நாள் இருக்கையில், அங்கேயே காலமானார். அபலா அம்மையார் 1951 வரை வாழ்ந்து பள்ளிகளைப் பார்த்துக்கொண்டார். அந்தத் தகரக் கொல்லரோடு சேர்ந்து அவர் செய்த கருவிகள் கொல்கத்தாவில் அவருடைய நிலையத்து அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அலை எழுப்பும் பொறிக்கருவியும் புனல்வாய்க் குழாயும் ஒருபுறம். செடியை எழுத வைத்த எழுத்தாணிகள் மறுபுறம்.